சுவரும் உடைமையும்: கொழும்பு நகரச் சுவரோவியங்களை நயத்தல் பற்றிய சில குறிப்புகள்

1

கலை இலக்கியத் திறனாய்விலே நமது முற்போக்கு அணியினர் கடந்த பல தசாப்தங்களாகப் பேசிவந்த பொருள்களைத் தொகுத்து நோக்கின், கவிதை, நாவல், சிறுகதை, நாடகம், கூத்து, சினிமா என்பன விரிவான இடத்தைப் பெற்றிருத்தலைக் காணலாம். ஓவியம் பற்றிய எழுத்துக்கள் ஒப்பீட்டளவிற் குறைவு. அவற்றினுள்ளும் தெருச் சுவரிலே தீட்டப்படுவது, எழுதப்படுவது, கிறுக்கப்படுவது ஆகியன திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்பட்டமை மிக அரிது. நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்வதும் கட்டணமின்றிக் காணத்தக்கதுமான ஒரு கலைவடிவம், மக்கள் கலை பற்றி அதிகம் பேசியவர்களாலேயே கவனிக்கப்படாது விடப்பட்டமை சிந்தனைக்குரியது.

சுவர் பற்றி இன்று நிலவும் மனோபாவங்கள் மூன்று எனலாம். ஒன்று, நகர நிருவாகத்தின் மனோபாவம். அதற்குச் சுவரெழுத்து அசுத்தமாகும். இரண்டாவது, அழகியல்வாதிகளின் மனோபாவம். அவர்கள் சுவரோவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து, சட்டமிட்ட ஒரு படமாகவே காண்கின்றனர். மூன்றாவது, அரசியற் செயற்பாட்டாளரிடையே காணப்படுவது. அவர்களுக்குச் சுவர் என்பது சுலோகத்தைத் தாங்கும் பலகை. சுலோகம் சரியானதா, பிழையானதா என்பதுடன் அவர்களது விசாரணை முடிந்துவிடும். இம்மூன்றும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன: மூன்றுமே சுவரை மறந்துவிடுகின்றன.

சுவர் வெறும் பரப்பன்று. அது ஒருவரது உடைமை, ஓரிடத்தின் எல்லை, உள்ளே இருப்போரையும் வெளியே நிற்போரையும் பிரிக்கும் சாதனம். ஆகவே சுவரிலே தீட்டப்படும் எந்தவொரு கோடும், அதனைத் தீட்டியவர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும், உடைமையுறவு பற்றிய ஒரு கூற்றாகிவிடுகின்றது. சுவரோவியத்தை நயப்பவர் இக்கூற்றினை வாசிக்கத் தவறுவாராயின், அவர் கலைப்பொருளின் ஒரு பாதியையே கண்டவராவர். அதே வேளை, சுவரின் உரிமையாளர் யார் என்று கேட்பதோடு நின்றுவிட்டு, கோடு, வண்ணம், அளவு, எழுத்தின் வடிவு ஆகியவற்றை நோக்காது விடுவதும் கொச்சைச் சமூகவியலாகவே முடியும். உடைமையுறவு கலைக்கு வெளியே நிற்கும் பின்னணியன்று; அது உருவத்தினுள்ளேயே பதிந்துள்ளது. இவ்விடயத்தைக் கொழும்பு நகரச் சுவர்கள் சிலவற்றை ஆதாரமாகக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கொழும்புக்குச் செல்லுமுன், இந்நாட்டின் மிகப் பழைய சுவரெழுத்துத் தொகுதியொன்றினை நினைவுகூர்தல் பொருந்தும். சீகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரிலே கீறப்பட்ட பாக்களுள் 685ஐ வாசித்து, சேனரத் பரணவிதான 1956ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். அவற்றுட் பெரும்பாலானவை கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலப்பகுதிக்குரியன. சிங்களக் கவிதை வரலாற்றிலும் மொழி வரலாற்றிலும் அவை பெறும் இடம் பெரிது.

நமது நோக்கிற்கு இங்கு இரு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, அச்சுவர் 5ஆம் நூற்றாண்டு மன்னனான காசியப்பனின் சுவர்; ஆயின் நமக்குக் கிடைத்துள்ள கவிதை அவனுடையதன்று. அரண்மனை பாழடைந்த பின்னர், குன்றைக் காண வந்தோர் எழுதியது. அரச உத்தியோகத்தர், பிக்குகள், பெண்கள் எனப் பல நிலையினரும் அவர்களுள் அடங்குவர். இரண்டாவது, எழுதியோர் பலர் தமது பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு, இதனை எழுதியவர் தாமே எனப் பதிவுசெய்துள்ளனர். பெயரைப் பொறித்தல் என்ற இச்செயல் சுவரெழுத்தின் அடிப்படை உந்துதலாகும். உடைமையற்றவர், தமதல்லாத ஓரிடத்திலே, தாமும் இருந்தமைக்கான சாட்சியத்தை வைத்துச் செல்லுதலே அது.

இச்சாட்சியம் தொல்பொருளானதும் அதன் இயல்பு மாறிவிடுகின்றது. 2015ஆம் ஆண்டில் இதே சுவரிலே தமது பெயரைக் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பினால் அவர் விடுவிக்கப்பட்டார். தொல்பொருள் பாதுகாக்கப்படவேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கீறப்பட்டது மரபுரிமையாகவும் இன்று கீறப்படுவது குற்றமாகவும் கொள்ளப்படும்போது, அவ்விரண்டையும் பிரிப்பது கலைத்தரம் அன்று என்பது தெளிவாகும். காலமும் அரசும் இணைந்து சுவரின் உரிமையாளரைத் தீர்மானிக்கின்றன. எது எழுத்து, எது சேதம் என்பது அதன்பின்னரே தீர்மானமாகின்றது.

3

தற்காலக் கொழும்பின் சுவர்களிலே நீண்டகாலம் ஆட்சி செலுத்தியது ஓவியமன்று, எழுத்தேயாகும். தொழிற்சங்கச் சுலோகங்களும் மே தின அழைப்புகளும் தேர்தற் சுவரொட்டிகளும் நகரின் அன்றாடக் காட்சியாயிருந்தன. 1971 ஏப்ரற் கிளர்ச்சிக்கு முன்னைய மாதங்களிலும், பின்னர் 1987–1989 காலப்பகுதியிலும், மக்கள் விடுதலை முன்னணியின் கையாலெழுதப்பட்ட சுவரொட்டிகள் தென்னிலங்கையின் அரசியல் மொழியையே மாற்றியமைத்தன. அச்சகத்தை அணுகமுடியாத கையின் அவசரம் அவ்வெழுத்துக்களிலே தெரிந்தது; அதுவே அவற்றின் உருவமாகவும் அமைந்தது. பின்னைய காலப்பகுதியில் அவ்வெழுத்தே ஆணையாகவும் அச்சுறுத்தலாகவும் மாறியமையையும் மறத்தலாகாது. எழுத்தின் உருவம் ஒன்றாகவே இருந்தும், அது மக்களை நோக்கிப் பேசிய தொனி மாறிவிட்டது.

எழுத்து எந்த மொழியில் அமைந்தது என்ற வினாவும் இங்கு எழுகின்றது. 1958ஆம் ஆண்டின் முற்பகுதியில், வாகன இலக்கத் தகடுகளிற் பொறிக்கப்பட்ட சிங்கள ஸ்ரீ எழுத்துக்குத் தார் பூசும் இயக்கம் வடக்கிலே நடைபெற்றது. அதன் எதிர்வினையாகத் தெற்கிலே பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழ் எழுத்துக்கள் தாரினால் அழிக்கப்பட்டன. சில வாரங்களின் பின்னர், அவ்வாண்டு மே மாதத்திலே, இன வன்செயல் வெடித்தது. சுவரோவியம் பற்றிய ஆய்விலே இத்தார்ப்பூச்சு ஏன் இடம்பெறவேண்டும் என வினவலாம். நகரத்தின் பொதுப்பரப்பிலே ஒரு சமூகத்தவரின் எழுத்து இருத்தலும் அழிதலும் அச்சமூகத்தவர் அங்கு வாழ்தலோடும் அழிதலோடும் எத்துணை நெருக்கமாகப் பிணைந்துள்ளன என்பதை அது காட்டுகின்றது. தேசிய இனப் பிரச்சினை சட்டமன்றத்திலும் மகாநாடுகளிலும் மாத்திரம் நிகழ்ந்ததன்று. அது பலகையிலும் தகட்டிலும் சுவரிலும் நிகழ்ந்தது. கொழும்புச் சுவரை நயக்கும் எவரும், அங்கு எந்த எழுத்து இல்லை என்பதையும் நோக்கவேண்டியவராகின்றார்.

4

2019 நவம்பரிலே கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யப்பட்டதைத் தொடர்ந்து, நாடெங்கும் இளைஞர்கள் தெருச் சுவர்களிலே ஓவியம் தீட்டத் தொடங்கினர். சில வாரங்களிலே கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் பல சுவர்கள் வண்ணம் பெற்றன. பழைய சுவரொட்டிகள் சுரண்டப்பட்டன, வெள்ளை பூசப்பட்டது, அதன்மேல் ஓவியங்கள் எழுந்தன. பண்டைய மன்னர்கள், போர்வீரர்கள், குளமும் வயலும் தாதுகோபமும் அமைந்த கிராமம், யானை, சிறுத்தை ஆகியன அவற்றிலே மீண்டும் மீண்டும் இடம்பெற்றன.

இவ்வியக்கத்தை அரசு ஆணையிட்டு நடத்திற்று என்று கூறுவது எளிது. ஆயின் அது போதிய விளக்கமாகாது. பெருந்தொகையான இளைஞர்கள் தாமாகவே வந்தனர். ஒன்றுகூடி ஒரு பொதுவேலையைச் செய்வதில் அவர்கள் கண்ட மகிழ்ச்சி உண்மையானது. வேலையின்மையும் அரசியல்வாதிகள் மீதான வெறுப்பும் நிலவிய ஒரு சமூகத்தில், தமது நகரைத் தமது கையால் மாற்றலாம் என்ற உணர்வு அவர்களுக்கு அங்கு கிட்டிற்று. இம்மகிழ்ச்சியை ஏளனம் செய்யும் திறனாய்வு மக்களைப் புரிந்துகொள்ள மறுக்கும் திறனாய்வாகும். ஆயின் அம்மகிழ்ச்சி எந்த உருவத்தினுள்ளே வார்க்கப்பட்டது என்பதே நமது வினா.

அவ்வுருவத்தின் பரம்பரையைத் தேடுவோமாயின், களனி விகாரையின் சுவர்களிலே சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய ஓவியங்களை நினையாதிருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹெலனா விஜேவர்தனவின் கொடையால் நிகழ்ந்த அவ்விகாரையின் புனரமைப்பு, எழுச்சிபெற்றுவந்த சிங்கள பௌத்த முதலாளி வர்க்கத்தின் பண்பாட்டுப் பணிகளுள் ஒன்றாகும். மெண்டிஸ் பழைய மரபினை ஆழ்ந்து கற்று, அதனின்றும் புதியதொரு கோட்டினை உருவாக்கிய கலைஞர். அவரது உருவங்களின் நளினம் இன்றும் நயக்கத்தக்கது. ஆனால் வரலாறு என்பது மன்னரும் மதமும் நிகழ்த்தும் அணிவகுப்பு என்ற காட்சிமுறை, அத்தகைய சுவர்களிலிருந்து பாடநூற் படங்களுக்கும், அங்கிருந்து தெருச் சுவருக்கும் வந்து சேர்ந்தபோது, கோட்டின் நளினம் உதிர்ந்து அணிவகுப்பு மாத்திரமே எஞ்சியது.

2019ஆம் ஆண்டுச் சுவர்களின் உருவப் பண்புகளை நோக்குவோம். உருவங்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்துப் பெருப்பிக்கப்பட்டவை. அவை தாம் இருக்கும் சுவரோடு உறவுகொள்ளவில்லை. காலியிலே தீட்டப்பட்டதைக் கண்டிக்குக் கொண்டுசென்றாலும் எவ்வித வேறுபாடும் தோன்றாது. அவற்றிற் காணப்படும் கிராமத்திலே கடன்பட்ட விவசாயி இல்லை. அவற்றிற் காணப்படும் நாட்டிலே ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் துறைமுகத் தொழிலாளியும் கொழுந்து பறிக்கும் மலையகப் பெண்ணும் காணப்படுவது அரிது. வெற்றிபெற்ற போர்வீரன் காணப்பட்டான். அப்போரிலே காணாமலாக்கப்பட்டோரைத் தேடி வீதியோரங்களில் அமர்ந்திருந்த தாய்மார் காணப்படவில்லை. சுத்தம் என்பதே அவ்வியக்கத்தின் அழகியலாக இருந்தது. சுரண்டி அகற்றப்பட்ட சுவரொட்டிகளோடு கருத்து முரண்பாட்டின் தடயங்களும் அகன்றன. முரண்பாடற்ற ஒரு தேசம் சுவரிலே தோன்றிற்று. உண்மையான சமூக முரண்பாடுகளுக்குக் கற்பனையான தீர்வொன்றை வழங்குதலே கருத்துநிலையின் தொழிலாயின், அத்தொழில் இங்கு தூரிகையாலே செய்யப்பட்டது.

5

நகரை அழகுபடுத்தல் என்ற சுலோகத்திற்குக் கொழும்பிலே ஒரு முன்வரலாறு உண்டு. 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வமைச்சின் செயலாளராக அப்போது இருந்தவர், 2019இல் ஜனாதிபதியானவரே. நகர மத்தியிலுள்ள பெறுமதிமிக்க நிலங்களிலே வாழ்ந்த ஏறத்தாழ 70,000 குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்த்து, அந்நிலங்களை முதலீட்டுக்கு விடுவிப்பதே அக்காலத் திட்டமாக இருந்தது. 2010 மே மாதத்திலே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலிருந்த வீடுகள் இராணுவத்தினரின் பிரசன்னத்துடன் இடிக்கப்பட்டன. இவ்வகையில் நோக்கின், 2019இலே சுவருக்கு வண்ணம் பூசிய அழகுணர்ச்சியும் 2010இலே சுவரை இடித்த அழகுணர்ச்சியும் ஒரே நகரக் கனவின் இரு முகங்களாகும்.

கொம்பனித்தெரு, ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலின் ஆங்கிலத்தில் அடிமைத் தீவு எனப் பெயர்பெற்றது. பேரை வாவியின் ஓரத்திலே மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த உழைப்பாளர் பகுதி அது. இப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த ஃபிரி ரஹ்மான், வேறு கலைஞர்களோடு இணைந்து 2018ஆம் ஆண்டில் ஒரு முயற்சியினைத் தொடங்கினார். ‘வீ ஆர் ஃப்ரொம் ஹியர்’, அதாவது ‘நாங்கள் இவ்விடத்தவர்’ என்பது அதன் பெயர். விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் ராமநாதன் ஆகியோரும் அதிற் பங்குகொண்டனர். அங்கு வாழ்வோரின் கதைகள் சேகரிக்கப்பட்டன. அவர்களது முகங்கள் அவ்வொழுங்கைகளின் சுவர்களிலேயே தீட்டப்பட்டன.

இச்சுவர்களின் உருவப் பண்பு 2019ஆம் ஆண்டுச் சுவர்களுக்கு நேரெதிரானது. இங்கு உருவம் சுவரிலிருந்து பிரிக்கமுடியாதது. தீட்டப்பட்டவரை அவ்வழியே செல்லும் அயலவர் அறிவர்; ஓவியத்தின் ஒப்புமையை மதிப்பிடும் தகுதி அவர்களுக்கே உண்டு. மன்னரது உருவம் பார்ப்பவரை அண்ணாந்து நோக்கச் செய்யும். ஒழுங்கையிலே, வீட்டு வாசலுக்கு அருகே அமைந்த அயலவரின் முகமோ பார்ப்பவரை அவரது உயரத்திலேயே சந்திக்கும். இவ்வளவு வேறுபாடு தற்செயலானதன்று. யார் பார்க்கத்தக்கவர், யார் பார்க்கும் உரிமையுடையவர் என்ற வினாவுக்கான விடை அது. வீடுகளை அளந்து, கணக்கிட்டு, எண்ணாக மாற்றிய நகரத் திட்டத்திற்கு, ஒரு முகமும் ஒரு பெயரும் மறுப்பாக அமைந்தன. சீகிரியாச் சுவரிலே பெயர் பொறித்தவர்களின் உந்துதல் இங்கு தனிமனித நிலையிலிருந்து கூட்டு நிலைக்கு உயர்ந்தது எனலாம்.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. ஓவியம் இடிப்பினைத் தடுப்பதில்லை. கொம்பனித்தெருவிலே மாடங்கள் உயர்ந்தவாறே இருந்தன. மேலும், உழைப்பாளர் பகுதியின் சுவரோவியம் வெளியாரைக் கவரும் காட்சிப்பொருளாகி, அப்பகுதியின் நிலப்பெறுமதியை உயர்த்த உதவும் ஆபத்தும் உண்டு. 2012ஆம் ஆண்டில், தையல் இயந்திரத்தின் முன்னே குந்தியிருக்கும் சிறுவனொருவனை இலண்டன் கடைச் சுவரொன்றிலே பாங்ஸி தீட்டினார். குழந்தை உழைப்பைக் கண்டித்த அவ்வோவியம் 2013இலே சுவரோடு பெயர்த்தெடுக்கப்பட்டு விற்கப்பட்டது. சந்தை தனது கண்டனத்தையும் சரக்காக்கிக்கொள்ளும் வல்லமை வாய்ந்தது. மறுபுறம், சரக்காக்க இயலாததை அது அழித்துவிடும். 1933ஆம் ஆண்டில் நியூயோர்க் ரொக்கஃபெல்லர் நிலையத்தின் சுவரிலே தியெகோ ரிவேரா லெனினின் முகத்தைத் தீட்டினார். அதனை அகற்ற மறுத்தமையால் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பேசிய ஊதியம் அவருக்கு முழுமையாக வழங்கப்பட்டது. 1934 பெப்ரவரியில் ஓவியம் உடைத்தெறியப்பட்டது. உழைப்புக்கு விலை கொடுத்தவர், சுவரும் தமது என்பதால், அவ்வுழைப்பின் பயனை அழிக்கும் உரிமையும் தமதே எனக் கருதினார். கொம்பனித்தெருவின் முகங்களுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, அம்முகங்களுக்குரியோர் அங்கு தொடர்ந்து வாழ்தலேயாகும்.

கொம்பனித்தெருவிலே எவராலும் தீட்டப்படாத சுவரொன்றும் இருந்தது. தமிழர் ஒருவரின் குடும்பத்திற்குரிய ரியோ திரையரங்குத் தொகுதி 1983 ஜூலை வன்செயலின்போது எரிக்கப்பட்டது. கரிபிடித்த அதன் சுவர்கள் பல ஆண்டுகள் அவ்வாறே நின்றன. பின்னைய காலத்திலே அங்கு கலைவிழாக்களும் நடைபெற்றன. அக்கரியினை எந்தத் தூரிகையும் இடவில்லை. எனினும் நகர் பற்றிய எந்தச் சுவரோவிய வரலாறும் அக்கரியை விட்டுவிட்டு எழுதப்படமுடியாது. 1958இன் தார் எழுத்தை மூடிற்று. 1983இன் தீ சுவரையே எழுத்தாக்கிற்று.

6

2022 ஏப்ரல் 9ஆம் தேதி காலிமுகத்திடலிலே தொடங்கிய மக்கள் முற்றுகை, கொழும்பின் சுவர் வரலாற்றிலே ஒரு திருப்பமாகும். எரிபொருளும் மின்சாரமும் மருந்தும் அற்றுப்போன நாட்களில், ‘கோட்டாகோகம’ எனப் பெயரிடப்பட்ட அக்கூடார ஊரிலே தகரமும் துணியும் அட்டையும் சுவர்களாயின. சுலோகம், கேலிச்சித்திரம், உருவப்படம் என்பன மும்மொழியிலும் எழுந்தன. ஜனாதிபதி செயலகத்தின் முகப்பிலே ஒளிக்கற்றையினாற் சுலோகங்கள் பாய்ச்சப்பட்டன. தொட முடியாத சுவரிலே, சேதம் விளைக்காது, அழிக்கவும் முடியாது எழுதும் வழி அது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னர் எவருக்காகச் சுவர்கள் அலங்கரிக்கப்பட்டனவோ, அவருக்கெதிராக நகரின் பரப்பெல்லாம் பேசிற்று. ஜூலை 14ஆம் தேதி அவர் பதவி துறந்தார். ஜூலை 22ஆம் தேதி விடியுமுன் படையினர் முற்றுகையிடத்தைத் தாக்கினர்.

முன்னரும் பின்னரும் தூரிகை பிடித்தோர் வெவ்வேறு மனிதர் என்று நாம் கொள்ளவேண்டியதில்லை. மக்கள் உணர்வு உறைந்து கிடப்பதன்று. பொருளாதார வாழ்வின் நெருக்கடி, கற்பனைத் தேசத்தின் வண்ணத்தை உதிர்த்து, சுவரைத் திரும்பவும் வாக்குவாதத்தின் களமாக்கிற்று. காலிமுகத்திடலின் உருவம் ஒழுங்கற்றது, பல கைகளால் ஆனது, ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டது. முரண்பாட்டைச் சுரண்டி அகற்றாது அதனைத் தாங்கி நின்றதே அதன் அழகு. அவ்வாண்டு மே 18ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் அங்கு நினைவுகூரப்பட்டமை, 2019இன் சுவர்களிலே கற்பனையும் செய்யமுடியாத ஒன்று. ஆயினும் அது ஒரு நாளின் நிகழ்வாகவே நின்றதென்பதையும், வடக்கு கிழக்கின் தமிழ் மக்கள் அம்முற்றுகையைப் பெரும்பாலும் தொலைவிலிருந்தே நோக்கினர் என்பதையும் கூறாதுவிடுதல் நேர்மையன்று. பொதுச் சுவரிலே தமது எழுத்து தாரினால் மூடப்பட்ட வரலாற்றையுடைய மக்கள், மும்மொழிச் சுலோகமொன்றைக் கண்டவுடன் அச்சுவர் தமதென நம்பிவிடமாட்டார்கள். அந்நம்பிக்கை, சுலோகத்தால் அன்றி, நிலம், மொழி, நீதி ஆகியவை தொடர்பான நிலைப்பாட்டினாலேயே ஈட்டப்படவேண்டும்.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சுவரோவிய நயப்புக்கான சில அடிப்படைகளைத் தொகுத்துக்கொள்ளலாம். சுவர் யாருடையது, யாருடைய அனுமதியுடன் அல்லது அனுமதியின்றித் தீட்டப்பட்டது என்பது முதல் வினா. வண்ணத்தின் அடியில் முன்னர் இருந்தது எது, பின்னர் அதன்மேல் வந்தது எது என்பது இரண்டாவது. உருவம் தான் நிற்கும் இடத்தோடும் அதனைக் கடந்து செல்வோரோடும் எத்தகைய உறவை ஏற்படுத்துகின்றது என்பது மூன்றாவது. மூன்றாம் வினாவுக்கு விடைகாணக் கோட்டையும் அளவையும் எழுத்தின் வடிவையும் நுணுகி நோக்கும் கலைப்பயிற்சி அவசியம். முதலிரு வினாக்களும் அப்பயிற்சியைச் சரியான இடத்திலே செலுத்துகின்றன. இம்மூன்றையும் ஒருங்கே கேட்கும்போதுதான், 2019இன் சுவர்கள் ஏன் வண்ணத்தால் நிறைந்தும் வெறுமையாயிருந்தன என்பதும், கொம்பனித்தெருவின் ஒரு சிறு முகம் ஏன் நிறைவாக அமைந்தது என்பதும் விளங்கும்.

சுவரோவியம் நிலையற்றது. மழையும் வெயிலும் மாநகரசபையின் வெள்ளையும் அதனை விரைவில் அழித்துவிடும். எனவே சுவரெழுத்துக்களையும் சுவரோவியங்களையும் இடம், தேதி, மொழி, தீட்டியோர், அழிந்த விதம் ஆகிய விபரங்களுடன் பதிவுசெய்தல் உடனடித் தேவையாகும். படத்தை மாத்திரம் எடுத்துச் சுவரை விட்டுவிடும் பதிவு பயனற்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையக நகரங்களிலும் பல்கலைக்கழக மாணவரால் இப்பணி பெருஞ்செலவின்றித் தொடங்கத்தக்கது. பரணவிதானவின் பதிப்பு இன்றேல், கண்ணாடிச் சுவரின் கீறல்கள் நமக்கு வெறும் கீறல்களாகவே இருந்திருக்கும். நமது காலத்துச் சுவர்களுக்கும் அத்தகைய வாசிப்பு வேண்டும். அது அவற்றை எழுதியோர் அங்கு வாழும்போதே செய்யப்படுதல் வேண்டும்.